கூரையில் எறிந்த கடைவாய்ப்பல்

பெனிட்டா ரொட்டியை இடது பக்கமாக மட்டும் மெல்கிறாள் என்பதை நான் கவனித்தபோது அவளுக்கு ஏழு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. "ஏன்டி ஒரு பக்கமாவே திங்கிற?" என்று கேட்டேன். "அந்தப் பக்கம் குத்துது" என்றாள். "சீனி திங்காத, சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்று மூடிவிடுகிற தாய்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். சாதாரணதரம் வரை படித்தேன். கொழுந்து எடுக்கிறவளுக்குப் பல்லைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குத்தல் வலியானது. பள்ளிக்கூடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். வாயைத் திறந்து பார்க்கவில்லை. மாத்திரை வேலை செய்கிற வரைக்கும் தூங்கினாள், பிறகு அழுதாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற செல்வராணி அக்காதான் வழி சொன்னார். என் கூடவே கொழுந்து எடுக்கிறவர், நல்ல மனுஷி. "ஒரு கிள்ளு புகையிலைய அந்தப் பொத்தல்ல அடைச்சு விடு புள்ள, புழு செத்துரும்" என்றார். பல்லுக்குள் புழு இருக்கிறது என்று எங்கள் தோட்டத்தில் எல்லோரும் நம்புகிறோம். என் வெற்றிலைப் பையிலிருந்தே கிள்ளி எடுத்து, ஏழு வயதுப் பிள்ளையின் வாய்க்குள் அடைத்தேன். எரிகிறது என்று கத்தினாள். வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

சில நாளில் வலி நின்றுவிட்டது. நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். செல்வராணி அக்காவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தேன். வலி நின்றால் குணமாகிவிட்டது என்றுதானே யாரும் நினைப்போம்?

அது குணமில்லை. பல்லின் நடுவில் பற்கூழ் என்று ஒன்று இருக்கிறது (நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மெல்லிய சதை, பல்லுக்கு உயிர் அதுதான்). சொத்தை அதைத் தொட்டால் வலிக்கும். பற்கூழ் செத்துவிட்டால் வலி நின்றுவிடும். புகையிலை எந்தப் புழுவையும் கொல்லவில்லை, ஈறைச் சுட்டதுதான் மிச்சம். நான் மெழுகுதிரி ஏற்றியபோது பல் செத்துக்கொண்டிருந்தது. இதை எனக்குச் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை.

கொஞ்ச நாள் போனதும் அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு சீழ்க் கொப்புளம் வந்தது. அதே வாரம் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் என்றார்கள். எந்த முகாம், யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் எல்லோரும் பெயருக்காகச் சண்டை போடுவார்கள், விஷயம் அதோடு போய்விடும்.

பெரட்டுக்குப் (காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற இடம்) போகிற அவசரத்தில் சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். பெனிட்டா ஒரு தாளை நீட்டினாள். "பல்லு பாக்குறதுக்கு டீச்சர் சைன் கேட்டாங்க." தாளில் சிங்களம் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது. தமிழ் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளின் தமிழ்த் தாய்மாருக்கு வந்த தாள் அது. சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். தேவைப்பட்டால் பல்லைப் பிடுங்கச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்ததாம். ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வந்தபோது பெனிட்டா பஞ்சைக் கடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கடதாசிப் பொட்டலம். அதற்குள் பல். அழவில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தாள். பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரையில் எறிகிறது எங்கள் வழக்கம். அப்போதுதான் புதுப் பல் சீக்கிரம் முளைக்கும். மேட்டு லயத்து மாட்டுக் கொட்டிலில் சாணி எடுத்து, உருட்டி, "நல்ல பல்லு தா" என்று சொல்லித் தகரத்தில் எறிந்தோம். டங் என்று விழுந்த சத்தத்துக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

சாணியில் வைக்கும்போது பார்த்தேன். பல்லில் நீளமாக இரண்டு வேர் இருந்தது, நுனியில் இரண்டும் குழாய் மாதிரித் திறந்திருந்தன. தானாக விழுகிற பால் பல்லுக்கு இப்படி வேர் இருக்காது. எனக்குத் தெரியாது. பிடுங்கியவருக்குத் தெரியும்.

பிறகு காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் தலை சீவிவிடும்போது, "ஆ காட்டு" என்பேன். அவளும் காட்டுவாள். ஈறு வழவழவென்று இருக்கும். "நல்ல பல்லு லேட்டாத்தான் வரும்" என்று ஆறுதல் சொல்வேன். ஒரு வருஷம் இப்படி அந்த வெறும் ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நாங்கள் செய்தது அதைவிட மோசம், கண் போனதே தெரியாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எட்டரை வயதில் இடது பக்கமும் ஆரம்பித்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளினாள். இந்த முறை மெல்ல மறுபக்கம் இல்லை. முன்பல்லால் கடித்து, அப்படியே விழுங்கினாள். சோறு இறங்கவில்லை. சட்டை தொளதொளவென்று ஆனது.

என் புருஷன் அந்தோனி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், கோயில் திருநாளுக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும்தான் வருவார். போனில் சொன்னேன். "புடுங்கிப் போடு. ஒரு பல்லுக்கு யாராவது பதுளைக்கு அலைவாங்களா?" என்றார். "அவ எதால திங்கிறது?" என்று கேட்டேன். "ஏன், நீ நான் எல்லாம் திங்கலையா?" என்றார். போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் பிள்ளையை ஏற்றினேன்.

பதுளையில் நாங்கள் போன இடத்தையும் பெயர் சொல்லாமலே விடுகிறேன். மர வாங்கில் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒரு படம், வெள்ளைப் பல்லோடு சிரிக்கிற குண்டுப் பிள்ளை. பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது, "ஆலும் வேலும் பல்லுக்குறுதி". அறிவுரை சொல்வதற்கு மட்டும் தமிழ் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

இளம் டொக்டர் ஒருவர் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அடுத்த நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்த பெரிய டொக்டர் அம்மாவிடம் சிங்களத்தில் பேசினார். "இதையும் எடுத்துவிடுவோம். தோட்டத்து ஆட்கள். காப்பாற்றப் பார்த்தால் நாலைந்து தடவை வர வேண்டும். இவர்கள் வர மாட்டார்கள்."

எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்திருக்கிறார். பெரகலைச் சந்தியில் சாமான் வாங்குகிறவளுக்குச் சிங்களம் தெரியாமல் எப்படி? நான் எழுந்து நின்றேன். அவருடைய பாஷையிலேயே கேட்டேன். "எங்களை எப்போதாவது வரச் சொல்லியிருக்கிறீர்களா, டொக்டர்? போன முறை பிடுங்கியவர்கள் எங்களிடம் திரும்பி வந்தார்களா?"

பெனிட்டா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பெரிய டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். வலது பக்கம் வந்ததும் நின்றார்.

"இங்க ஆறாவது பல் எங்க?"

"அது பால் பல்லு டொக்டர். முகாம்ல புடுங்கினாங்க. இன்னும் முளைக்கலை."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "அது முளைக்காது அம்மா. அது நிரந்தரப் பல்."

தாய்மாரே, இந்த இடத்தை மட்டும் மறக்காதீர்கள். ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் வரும். எதுவும் விழாமலே முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறோம். முன்பல் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஆறாவது அது. போனால் போனதுதான். எந்தக் கூரையில் எறிந்தாலும் திரும்பி வராது.

நான் அங்கேயே அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். "அதைக் காப்பாத்தியிருக்கலாமா டொக்டர்?" என்று கேட்டேன். "முயற்சி செய்து பார்த்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல ஏலாது" என்றார். பொய் சொல்லி ஆறுதல்படுத்தாததற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

பிறகு இடது பல்லைப் பற்றி விளக்கினார். பிடுங்கினால் ஒரு நாளில் வேலை முடியும். ஆனால் பன்னிரண்டு வயதில் அதற்குப் பின்னால் வருகிற பல் அந்த இடைவெளியில் சாய்ந்துகொள்ளும், மேல் பல் கீழே இறங்கும், கடி கோணலாகும். பெரியவர்களுக்கு என்றால் வேர்ச் சிகிச்சை செய்வார்கள் (பற்கூழ் முழுவதையும் எடுத்துவிட்டு வேரின் குழாயை மருந்தால் அடைப்பது). எட்டு வயதில் அது அவ்வளவு லேசில்லை. முளைத்துச் சில வருஷம் வரைக்கும் இந்தப் பல்லின் வேர் வளர்ந்துகொண்டிருக்கும், நுனி மூடியிருக்காது. பற்கூழை எடுத்துவிட்டால் வேர் வளர்வது அங்கேயே நின்றுவிடும். சுவர் மெல்லியதாகவே இருக்கும், பின்னால் எதையாவது கடிக்கும்போது உடையலாம். பற்கூழ் முழுதும் செத்துப்போன பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. முதலில் நுனியில் ஓர் அடைப்பை உண்டாக்கி, அப்புறம்தான் மேலே நிரப்ப வேண்டும். அது நீண்ட வேலை. வலது பல்லுக்கு அதுதான் தேவைப்பட்டிருக்கும்.

இடது பல்லில் உயிர் இன்னும் முழுதாகப் போகவில்லை என்று அவர் நினைத்தார். அப்படியானால் பற்கூழ் பகுதி நீக்கம் செய்யலாம் (கெட்டுப்போன மேல் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, மிச்சத்தின் மேல் சீமெந்து போல் இறுகும் மருந்து வைத்து மூடுவது). கீழே இருக்கிற நல்ல பற்கூழ் வேரைத் தானே வளர்த்து முடிக்கும்.

"அப்ப இது கவாத்து" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "தேயிலைச் செடிக்கு மேல வெட்டி விடுவோம் டொக்டர். வேர் உயிரோட இருந்தா திரும்ப வரும். மத்தது செடியையே தோண்டி எறியிறது." அவர் சிரித்தார். "சரி, கவாத்து. ஆனால் வெட்டிய பிறகு நான் பார்க்க வேணும். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். வருவீங்களா?"

"வருவேன்" என்றேன். இளம் டொக்டரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஊசி போட்டு, துளைத்தார்கள். பெனிட்டா என் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டிருந்தாள். மேல் பாகத்தை எடுத்ததும் இரத்தம் வந்தது. "இரத்தம் வாறது நல்லம், உயிர் இருக்கு. நிற்க வேணும். நிற்காவிட்டால் உள்ளேயும் கெட்டுப்போச்சு" என்று சொல்லி, ஈரப் பஞ்சை வைத்து அழுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிடம் இவ்வளவு நீளம் என்று பிள்ளை பெறும்போதுகூட எனக்குத் தெரியவில்லை. பஞ்சை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். "நின்றிட்டுது" என்றார். இளம் டொக்டரும் குனிந்து பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு மாதத்தில் போனோம், வலியில்லை. மூன்றாம் மாதத் தவணைக்கு முதல்நாள் பூராவும் மழை. விடியற்காலையில் பெரகலைக்கு ஏறினால், ஹப்புத்தளைப் பாதையில் கல்லும் மண்ணும் சரிந்து கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. மண் சரிவு என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மீரியபெத்தைத் தோட்டத்தில் லயத்தோடு மண்ணுக்குள் புதைந்தவர்களில் எனக்குச் சொந்தக்காரர்களும் உண்டு. திரும்பிப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "வர மாட்டார்கள்" என்ற அந்தச் சொல் காதிலேயே நின்றது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்களோடு ஆட்களாகச் சரிவைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது நம்பர் முடிந்திருந்தது. மேசையில் இருந்த நர்ஸ் அட்டையைத் தேடி எடுத்துத் தந்தார். அன்றைய திகதிக்கு எதிரே ஏற்கெனவே எழுதியிருந்தது. சிங்களம் வாசிக்க எனக்கு அவ்வளவாக வராது, ஆனால் அந்த ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிவிட்டேன்: வரவில்லை.

முழங்கால் வரை சேற்றோடு நின்றுகொண்டு அதை வாசித்தேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். எங்கள் பிள்ளைகளின் பல்லைப் பிடுங்கக் காரணம் கேட்டால் இந்த அட்டைகளைத்தான் காட்டுவார்கள். பாருங்கள், இவர்கள் வருவதில்லை. எந்த அட்டையிலும் பாதை மூடியிருந்தது என்று எழுதியிருக்காது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் பேர் வெட்டிச் சம்பளத்தைக் குறைக்கிற கங்காணியைப் பற்றியும் எழுதியிருக்காது.

"இத வெட்டுங்க மிஸ்" என்றேன்.

"அடுத்த மாசம் வாங்க. பேனையால எழுதினது, ஒண்ணும் பண்ண ஏலாது."

"நான் வந்திருக்கேன். என் புள்ள வந்திருக்கு. வெட்டிட்டு, வந்தாங்கன்னு எழுதுங்க. எழுதாம இங்கேருந்து நகர மாட்டேன்."

சத்தமாகத்தான் சொன்னேன், வாங்கிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மரியாதையில்லாதவள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். மரியாதையாக இருந்து ஒரு பல்லை எறிந்தாயிற்று.

சத்தம் கேட்டு வெளியே வந்தது அந்த இளம் டொக்டர்தான். எங்கள் கால்களைப் பார்த்தார். நர்ஸின் பேனையை வாங்கி, அந்தச் சொல்லை அவரே வெட்டினார். மேலே "வந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வாங்க மகள், எக்ஸ்ரே எடுப்பம்" என்று பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு போனார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு தவணையும் தவறவில்லை. பெரட்டில் கங்காணியோடு ஒவ்வொரு முறையும் சண்டைதான். கடைசியாக எடுத்த படத்தை அந்த இளம் டொக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதல் படத்தில் குழாய் போலத் திறந்திருந்த நுனிகள் இரண்டும் மூடியிருந்தன. "பல் தன் வேலையைத் தானே முடிச்சிட்டுது" என்றார். வலது பக்கத்தில் சும்மா ஓர் இருட்டு இருந்தது. பெனிட்டா கேட்காமலிருக்கட்டும் என்று படத்தை உறைக்குள் போட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், நாக்கால் என் பற்களை எண்ணினேன். நடுவிலிருந்து ஒன்று, இரண்டு. கீழே வலது ஆறாவது இல்லை. இடது ஆறாவது இல்லை. எனக்கும் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பிடுங்கியது ஞாபகம் இருக்கிறது. எங்கள் அம்மாவும் கூரையில் எறிந்தார்.

அடுத்த நாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் செல்வராணி அக்காவை வாயைத் திறக்கச் சொன்னேன். "என்னாடி, மாடு வாங்கவா பாக்குற?" என்று சிரித்துக்கொண்டே திறந்தார். அதே இடம். வரிசையில் நின்ற மற்றவர்களும் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். அதே இடம், அதே இடம். மனுஷ வாய் என்றால் அந்த இடத்தில் ஓட்டை இருக்கும் என்றே நாங்கள் வளர்ந்திருக்கிறோம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இத்தனை வருஷமாக என் வாயில் இருந்தது வெறும் சந்து. சோறு மாட்டினால் ஈர்க்கால் எடுப்பேன், அவ்வளவுதான். இப்போது நாக்கு அங்கே போகும்போதெல்லாம் ஒரு பல் இருந்த இடம் என்று தெரிகிறது. என் உடம்பிலிருந்து என்னைக் கேட்காமல் எடுத்தது, முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் வலிக்க ஆரம்பித்திருக்கிறது.

இந்த வருஷமும் முகாம் தாள் வந்தது. தமிழ் இல்லை. லயத்துப் பெண்கள் அதைக் கையெழுத்துப் போடாமல் என்னிடம் கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் அடுக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், தமிழில் கேளுங்கள், பிடுங்குவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள் என்று அதிபரிடம் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

போன மாதம் பெனிட்டாவின் மேல் வரிசையில் ஒரு பல் ஆடி, தானாக விழுந்தது. அவளுக்கு இப்போது பத்து வயது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். கூரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது வர்ற பல்லா, வராத பல்லா?"

வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வேர் கரைந்து, அடியில் குழியாக இருந்தது. அவள் வாயில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். எண்ணினேன். ஐந்தாவது.

"வர்ற பல்லு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். சாணி எடுத்துட்டு வா, எறிவோம்."

அவள் நகரவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் விரல்களை மடக்கிப் பல்லை அதற்குள் மூடினாள்.

"நீ வச்சிரு. முளைச்ச பொறகு எறியலாம்."

கிளினிக் அட்டையின் மடிப்புக்குள் அதை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தலை சீவும்போது, நான் கேட்காமலே அவள் வாயைத் திறக்கிறாள்.